கழல மறுக்கும் மரை

அறிவு தடுமாறியோரை ‘மரை கழன்றவர்’ என்று எள்ளுவது நம்மிடையே வழக்கு. கழல மறுக்கும் மரையோடு போராடியோர் அங்ஙனம் எள்ளத் துணியார்.

எம் அத்தா விட்டுச்சென்ற அம்பாசடர் மகிழுந்து இன்றும் எம்மிடம் உள்ளது. 2014ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. அதனை அறிந்த மெக்கானிக்குகளும் அருகினர். ஆதலின் சிறு பழுதுகளை யாமே பார்க்கின்றோம். ஒரு விடுமுறை நாளில் முற்றமெங்கும் பெட்ரோல் நெடி. பின்புறத் தொட்டியிலிருந்து எஞ்சினின் பக்கத்திலுள்ள பம்பிற்கு வரும் குழாய் அரித்துக் கசிந்திருந்தது. அதனைப் பம்போடு பிணைக்கும் நட்டோ துருவேறி அசைய மறுத்தது.

உடனிருந்த தம்பி மகன், “பெரியத்தா, ஸ்பேனர் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி ஒரே இழுப்பாய் இழுத்துவிடலாம்” என்றான். யாம் தடுத்தோம். துரு, தான் தின்ற இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. அது மரைகளுக்கிடையே இறுகியபின் வலிமை காட்டினால் நட்டின் முனைகள் மழுங்கும். மெல்லிய குழாய் முறுகி ஒடியும்.

எம் அச்சம் அதனினும் பெரிது. சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசுக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை வெளிவிடும். காற்றினும் கனத்த அவ்வாவி தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். முற்றத்தை அடுத்தே அடுக்களை; அங்கே எம் அம்மா உலை வைத்திருந்தார்.

“அம்மா, அடுப்பை அணையுங்கள்” என்றோம்.

“உன் வண்டிக்காக என் உலையை இறக்கவா?” என்று கடிந்தவாறே அணைத்தார். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிய பின்னரே உலை மீண்டும் ஏறிற்று. பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். தொட்டியை வடித்து, பெட்ரோலை மூடியிட்ட தகரக் கலத்தில் அப்புறப்படுத்தினோம். கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டி, ஓர் இரவு காத்திருந்தோம்.

மறுநாள் பம்பின் பக்கத்தை ஒரு ஸ்பேனரால் அசையாது பற்றினோம். குழாய் நுழையப் பிளவு விட்டு, நட்டின் ஐந்து முகங்களைத் தழுவிப் பிடிக்கும் மற்றொரு ஸ்பேனரைத் தம்பி மகனிடம் தந்தோம். முதலில் மயிரிழையளவு முடுக்கச் சொன்னோம். அவன் வியந்தான், முடுக்கினான். ‘டிக்’கென்று துரு விண்டது. பின் எதிர்ப்புறம் திருக, நட்டு கால் சுற்று கழன்றது. மீண்டும் எண்ணெய், மீண்டும் சிறிது முன்னும் பின்னும். குழாய் ஊறின்றிக் கைக்கு வந்தது.

இக்காலப் பீய்ச்சு முறை எஞ்சின்களில் வண்டி நின்ற பின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அதனை முறைப்படி இறக்காது நட்டைத் தொடலாகாது என்பதை மாணவச் செல்வங்கள் மறவற்க.

இன்று எம் தம்பி மகன் எவ்வண்டியின் பெட்ரோல் குழாயைத் தொடப் புகினும், “அடுப்பு அணைந்ததா?” என்றே முதலிற் கேட்கின்றான். ஸ்பேனரைப் பின்னரே தேடுகின்றான்.