இருவருக்கு ஒரு பயணம்

எங்கள் திருமணம் 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது. இந்திய இராணுவம் மார்ச்சில் வெளியேறியிருந்தது. அடுத்த யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. அந்தச் சிறிய இடைவெளியை நம்பி யாழ்ப்பாணத்திற் பலர் கலியாணம் செய்தனர், நாங்களும் செய்தோம். இருவரும் ஆசிரியர்கள். ஓகஸ்ட் விடுமுறையில் மலைநாட்டுக்குப் போவதெனத் தீர்மானித்து, அரசாங்க ஊழியருக்குரிய புகையிரத ஆணைச்சீட்டுக்கு விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தேன். யூனில் யுத்தம் மூண்டது, யாழ்தேவி நின்றது. யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில்.

அந்த 24 ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து பயணமே செய்யவில்லை என்று கூறமுடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, குடாநாட்டு மக்களோடு மக்களாய் நாவற்குழி கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். ஒரு துவிச்சக்கரவண்டி. அதன் பின்னாசனத்தில் என் தாயார். கைபிடியில் நான்; பின்னால் தள்ளிக்கொண்டு அவள். மழையும் பெய்தது. தம்பதியர் ஒன்றாய்ப் பெறும் அனுபவம் அன்பை வளர்க்கும் என்று சுற்றுலா விளம்பரங்களில் வாசிக்கும்போது, எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வரும்.

2016இல் இருவருக்கும் ஓய்வுபெறும் வயது நெருங்கியது. பழைய விண்ணப்பத்தைப் புதிதாய் எழுதினேன். ஓர் அப்பியாசக் கொப்பியில் திட்டமும் வரைந்தேன்: முதல் நாள் பேராதனைப் பூங்கா, இரண்டாம் நாள் நுவரெலியா, ஹக்கலை, மூன்றாம் நாள் உலகமுடிவு, நான்காம் நாள் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். நேரமும் நிமிடமும் குறித்திருந்தேன். அவள் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, இது எட்டாம் வகுப்புப் பிள்ளையளின்ரை கல்விச் சுற்றுலா. இதிலை நானெங்கை இருக்கிறன்?"

உண்மையில் அந்தக் கொப்பியில் அவள் இல்லை. இருபத்தாறு வருடமாக அவளுக்கு விடுமுறை என்று ஒன்று இருந்ததுமில்லை. பாடசாலை மூடினால் எனக்கு விடுமுறை. அவளுக்கு அடுப்படியில் முழுநேர வேலை. சமத்துவம் பற்றி ஆசிரியர் சங்க மேடைகளில் நான் பேசிவிட்டு வரும் இரவுகளிலும் புட்டுக்கு மா குழைத்தவள் அவள்தான். நான் வெட்கத்தோடு கேட்டேன், என்ன செய்யலாமென்று. சன்னலோரம் எதிரெதிராக இரண்டு இருக்கைகள் வேண்டும் என்றாள். மூன்று நாள் அடுப்பைத் தொடமாட்டேன் என்றாள். பிறகு சற்று யோசித்து, "ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்டைச் சேர்ந்து படிப்பம்" என்றாள். வாழ்நாள் முழுவதும் தேநீர் குடித்தும் கொழுந்து தேயிலையாவதை நாங்கள் கண்டதில்லை. அதுவே எங்கள் பாடமாயிற்று.

பிரான்சியத் தொழிலாளரின் 1936ஆம் ஆண்டுக் கோடையை இடதுசாரிகள் மறப்பதில்லை. பெரும் வேலைநிறுத்தத்தின் பின், மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. லியோ லக்ராஞ்ச் புகையிரதக் கட்டணத்தையும் குறைப்பித்தார். கடலையே காணாதவர்கள் கடலுக்குப் போனார்கள். இருவர் மிதிக்கும் ஒற்றைச் சைக்கிளில் இளந்தம்பதியர் பலர் சென்ற காட்சி அக்காலப் புகைப்படங்களில் நிலைத்துவிட்டது. காதலருக்கு இயற்கை எழில் மட்டும் போதாது. வேலையற்ற ஒரு பகற்பொழுதும் வேண்டும். அதைப் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.

பொல்காவலையில் வண்டி மாறினோம். கண்டிக்கு 1867இலும் பதுளைக்கு 1924இலும் எட்டிய இப்பாதை கோப்பியையும் தேயிலையையும் இறக்குவதற்கென இடப்பட்டது. இன்று தேனிலவுக்காரரையும் ஏற்றுகிறது. நாவலப்பிட்டிக்கு மேலே வண்டி மூச்சுவாங்கியது. பட்டிப்பொலையைக் கடந்து, இரு பக்கமும் பள்ளத்தாக்குத் தெரியும் இதல்கஸ்ஹின்னையில் அவள் என் கையைத் தொட்டாள். எதிரே இருந்த மாணவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், துரை பங்களாவாயிருந்து விடுதியாக மாறிய வீட்டில் அறை கிடைத்தது. தம்பதியருக்கென்றே ஒதுக்கிய அறை. யாரும் எட்டிப்பார்க்க முடியாத தனிமை என்று அதன் பெருமையைச் சொன்னார்கள். சன்னலுக்குக் கீழே லயக் கூரைகள்.

தொழிற்சாலையில் கொழுந்தை இரவு முழுதும் வாட்டுவதையும், உருட்டுவதையும், அது காற்றுப்பட்டுச் செம்பு நிறமாவதையும், சூட்டில் உலர்த்திச் சலிப்பதையும் கண்டோம். அவள் குறிப்பெழுதினாள், நான் பிழைபிடித்தேன். மறுநாள் மலையில் ஓர் அம்மாவிடம் கேட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப் பழகினோம். ஒரு மணிநேரத்தில் இருவருமாக ஒரு கிலோவும் சேர்க்கவில்லை. அங்கே 18 கிலோ பறித்தாற்றான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த அம்மா எங்கள் கொழுந்தைத் தன் கூடையிற் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"புருசன் பொண்சாதி ரெண்டு பேருமா ஊர் பாக்க வந்தீங்களா டீச்சர்?"

என் மனைவி, நீங்களும் அவரும் எங்காவது போனதுண்டா என்று கேட்டாள். அவருடைய கணவர் கவ்வாத்து வெட்டுபவர். ஒரே காம்பராவில் ஏழு பேர். மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும். அந்த அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக்கு மேல் இரா.

"எங்க போறது? ரெண்டு பேரும் பேசணும்னா ஞாயித்துக்கெழமை வெறகுக்குப் போவோம். போற வழியில பேசிக்குவோம்."

அவர் முறைப்பாடாக அதைச் சொல்லவில்லை; சற்று நாணத்தோடுதான் சொன்னார். பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுத்தார்கள். சாக்குக்கும் ஈரத்துக்குமாக அவருடைய நிறையிற் கழித்தார்கள். எங்கள் ஒரு மணிநேரமும் அதில் போயிற்று. அவ்வாண்டு தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளமாக 1000 ரூபா கேட்டுக்கொண்டிருந்தனர். அத்தொகை வர்த்தமானியில் வர 2021 ஆயிற்று; அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டிருந்தது.

அன்றிரவு அந்தத் தனிமையான அறையில் நாங்கள் அதிகம் பேசவில்லை. கீழே லயத்தில் ஒரு குழந்தை இருமும் ஒலி கேட்டது. "வீடு கட்டிக் குடுக்கச் சொல்லிக் கேக்கிற ஆக்கள், ரெண்டு அறை வேணுமெண்டு கேக்கிறவையோ?" என்று இருட்டில் அவள் கேட்டாள். எங்கள் தீர்மானங்கள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். சம்பளம் எழுதினோம், காணி எழுதினோம், பிரசாவுரிமை எழுதினோம். ஒரு கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதற்கு இடம் வேண்டுமென்று எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

திரும்பும் நாளில் அப்புத்தளை நிலையத்தில் வண்டி பிந்தியது. அவளை இருக்கச் சொல்லிவிட்டு, நானே போய் இரண்டு கிளாசில் தேநீர் வாங்கி வந்தேன். வழியிற் பாதி சிந்திவிட்டது. சீனி கூட என்றாள்; ஆனாலும் குடித்தாள்.