மூன்று கோடுகள்

மீஞ்சூர் இரயில் நிலையத்திற்கு அருகே ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நால்வர் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். நால்வரும் பணி ஓய்வு பெற்றவர்கள். கட்டணம் வாங்குவதில்லை. வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்திலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக் கூலிகளாய் உழைப்போரின் மக்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து மாலையொன்றில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி சென்னைக் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை எங்களிடம் நீட்டினாள். மதிப்பெண்களை அழகிய கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். 'கல்வி இணைச் செயல்பாடுகள், சான்றிதழ் நகல்களுடன்' என்ற தலைப்பின் கீழிருந்த மூன்று கோடுகள் மட்டும் வெறுமையாய்க் கிடந்தன.

"இதுல என்ன சார் எழுதறது?"

"ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிடு, அம்மா" என்றோம். எழுதினாள்.

அன்றிரவே அச்சொல் எங்களைச் சுட்டது. கிணற்று நீர் உவர்த்துப்போன ஊர் இது. விடியுமுன் குடிநீருக்குக் குடங்களோடு நிற்பவள் அவள். எங்கள் மாடிப்படியில் சின்னஞ்சிறாரை அமர்த்தி உயிரெழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. இவற்றுக்கெல்லாம் யார் சான்றிதழ் தருவார்? இதுவாவது உலகின் குறை. இன்னொன்று எங்கள் குறை. ஒன்பதாம் வகுப்பில் அவள் கபடி ஆடினாள். மாவட்டப் போட்டிக்குத் தெரிவும் பெற்றாள். திருவள்ளூருக்குப் போகவேண்டும். மீஞ்சூரிலிருந்து நேர் இரயில் கிடையாது. பேசின் பாலத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். அவள் தாய் எங்களிடம் வந்து கருத்துக் கேட்டார். படிப்பு கெட்டுவிடும் என்று தடுத்தவர்கள் நாங்களே.

எங்கள் அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-71ஆம் கல்வியாண்டில் தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளில் சேர நேர்காணலுக்கென 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்திற்குப் புறம்பான சிறப்புச் சேவை, உடல் உறுதி, பொதுத் திறன், துறை நாட்டம் என்பன அதன் தலைப்புகள். பெரியகருப்பன் வழக்கில் 1970 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசுக்கு அந்த அதிகாரம் உண்டென ஒப்புக்கொண்டது. ஆயினும் நேர்காணல் மதிப்பெண் மிகையாகவே படுகிறது என்று குறித்தது. காசுமீரத்துப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் மேலும் ஓரடி சென்று, 15 விழுக்காட்டிற்கு மேற்பட்ட நேர்காணல் மதிப்பெண் ஏற்கத்தக்கதன்று என்றது. இரண்டு மூன்று நிமிடங்களே பேசி, பெற்றோரையும் குடியிருப்பையும் பற்றி வினவி அனுப்பினார்கள் என்பது அம்மாணாக்கரின் முறையீடு. சிபாரிசுக் கடிதத்திற்கு வழியில்லாத வீடுகளில் 'மார்க்' ஒன்றே நம்பத்தக்க துணையாகத் தோன்றியதில் வியப்பென்ன? 2007 முதல் இங்குப் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் நீங்கிற்று. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற 200க்குள் ஒரு பிள்ளையின் பன்னிரண்டு ஆண்டுகளும் அடங்கின.

அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. அங்கே மாணவரின் 'முழு ஆளுமை'யை எடைபோடுகிறார்களாம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய இரு துணையாசிரியர்களும் அத்தகைய 12 நிறுவனங்களை ஆராய்ந்து 2023இல் எழுதினார்கள். நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தாலும், மிகச் செல்வந்தரான ஒரு விழுக்காட்டினரின் பிள்ளைகள் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிலும் இருமடங்குக்கும் மேலாக அங்குச் சேர்கிறார்கள். முன்னாள் மாணவரின் மக்களுக்குத் தரும் முன்னுரிமை, படிப்புக்கு அப்பாற்பட்ட தகுதிகளுக்கு இடும் மதிப்பு, விளையாட்டு வீரர் சேர்க்கை ஆகிய மூன்றுமே காரணங்கள். அவ்விளையாட்டுகளில் படகு வலித்தலும் ஒன்று. பழவேற்காட்டுச் சிறுவர்களும் படகு வலிக்கத்தான் செய்கிறார்கள்!

இதையெல்லாம் படித்தபின் மதிப்பெண்ணே மேல் என்று நாங்கள் ஆறுதல் கொண்டிருக்கலாம். ஆனால் ஆட்டத்திலிருந்து அவளை இழுத்து வந்தது அந்த மதிப்பெண்தானே! தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு என்பதைக்கூட நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம். வழிகாட்ட முன்வந்தவர்களின் அழகு இது.

அச்சென்னைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த மூன்று கோடுகள்தாம் காரணம் என்று சொல்ல எங்களிடம் சான்றில்லை. பொன்னேரி அரசுக் கல்லூரியில் படித்து முடித்தாள். எங்கள்மீது அவளுக்கு வருத்தமில்லையாம். கபடியைப் பற்றி நாங்களும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு இன்னொரு தாய் வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு, கோ-கோ ஆட்டம், மீண்டும் திருவள்ளூர். "அனுப்புங்கள், அம்மா" என்றோம். எங்களில் இருவர் துணைக்குச் சென்றோம். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். திரும்பும் வழியில், பேசின் பாலத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்திருக்கையில், முழங்காலில் மண் உலராத அந்தப் பெண் பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

"இன்று வேண்டாம், உள்ளே வை" என்றோம்.