காஸிக்கு போஸ்ட்கார்டு வேண்டாம்

டேங்க் செய்யும் ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில் இருப்பதாலோ என்னவோ, யுத்தத் தளவாடம்னா எனக்கு ஒரு இது ;-)

1916-ல் மணல்திட்டில் சிக்கிய ஜெர்மன் நீர்மூழ்கி யூசி-5ஐ பிரிட்டிஷ்காரர்கள் மீட்டு, லண்டன் தேம்ஸ் கரையில் காட்சிக்கு வைத்தார்கள். போஸ்ட்கார்டும் போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் உயிரோடு பிடிபட்டதால் அந்தப் படம் எனக்கு உறுத்தலை.

நம்ம பக்கத்து கதை வேற. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிய பாகிஸ்தானின் காஸியில் 90 பேருக்கு மேல். ஒருத்தரும் தப்பலை. எப்படி மூழ்கியதுன்னு இரண்டு நாடும் ஆளுக்கொண்ணு சொல்லுது. நம்ம கடற்படை ஆட்கள் முக்குளித்துச் சில பொருட்களை எடுத்தார்கள். கப்பல் இன்னும் கடலடியில்தான்.

போட்டோ வேணும்னா வைசாக் பீச்சில் 2002 முதல் நம்ம குர்சுரா நிக்குது மக்களே, டிக்கெட் வாங்கி உள்ளேயே போகலாம். காஸியைத் தூக்கிக் கரையில வச்சு கார்டு போட்டா, நான் வாங்க மாட்டேன்.