எந்தத் தட்டு?

குன்னூரில் என் பேத்தி பள்ளிப் பாடத்துக்காக ஒரு சோதனை செய்தாள். ஒரு தட்டில் புல்லோடு பெயர்த்த மண். மற்றதில் வெறும் மண். இரண்டையும் ஒரே மாதிரி சாய்த்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீர் தெளித்தாள். புல் தட்டில் நீர் தயங்கித் தயங்கி, தெளிவாக, கொஞ்சமே வடிந்தது. வெறும் தட்டிலிருந்தோ காப்பி நிறத்தில் ஓடி வந்து கிண்ணத்தை நிரப்பிற்று.

"மழை அடிக்கிற வேகத்தைப் புல் தாங்கிக்குது தாத்தா, வேர் மண்ணைப் பிடிச்சுக்குது" என்றாள்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டதை நான் அறிவேன். அறிந்தும், கொல்லை மேட்டை அழகுக்காகச் செதுக்கச் சொல்லியிருந்தேன். மேட்டுக்குக் கீழே தோட்டக்காரர் வீடு.

"நம்ம மேடு எந்தத் தட்டு, தாத்தா?"

ஐப்பசிக்கு இரண்டு வாரமே இருந்தது. புல் பத்தை தேடிப் புறப்பட்டேன்.