பெயர் இழந்த காவலன்

முன்னோர் சொன்ன கதையைப் பின்னோர் மீண்டும் சொல்வது இலக்கிய உலகிற்குப் புதிதன்று. வான்மீகி பாடிய கதையைத்தான் கம்பரும் பாடினார். வில் ஒடிவதற்கு முன்பே இராமனும் சீதையும் மிதிலையில் ஒருவரையொருவர் காணுமாறு செய்து, முதல்நூலில் இல்லாத காதலைத் தம் காவியத்திற்கு உரியதாக்கிக்கொண்டார். ஆதலால், பழைய படம் ஒன்றைப் புதிதாக எடுத்தார்கள் என்பதற்காக மட்டும் எவரையும் குறைகூறுதல் முறையாகாது. புதியவர் எதைச் சேர்த்தார், எதைக் கைநழுவ விட்டார் என்று பார்ப்பதே முறை.

1987ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டு இயக்குநர் பால் வெர்ஹோவன் அமெரிக்காவில் ‘ரோபோகாப்’ என்னும் படத்தை உருவாக்கினார். அறிவியற் புனைகதையும் அடிதடியும் கலந்த அப்படத்தை, 2014ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டவரான ஹொசே பாடில்யா அதே பெயரில் மீண்டும் எடுத்தார். முன்னதற்கு ஆன செலவு சுமார் 13 மில்லியன் டாலர். பின்னதற்கு ஏறத்தாழ 100 மில்லியன். பணத்தின் மதிப்பு இறங்கியதைக் கணக்கில் கொண்டாலும் வேறுபாடு பெரிதே.

பழைய படத்தின் கதை எளியது. டெட்ராய்ட் நகரின் காவல்துறையைத் தனியார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துகிறது. அலெக்ஸ் மர்ஃபி என்னும் காவலரைக் கொள்ளைக் கூட்டத்தார் சுட்டுச் சிதைக்கின்றனர். எஞ்சிய உடலை இயந்திரத்தில் பொருத்தி, நினைவையும் அழித்து, காவல் செய்யும் கருவியாக நிறுவனம் தெருவுக்கு அனுப்புகிறது. அவனுக்குப் பெயரில்லை, தான் யாரென்றும் தெரியாது. ஆயினும், துப்பாக்கியை விரலில் சுழற்றி உறைக்குள் செருகும் பழக்கம் மட்டும் அழியாமல் நின்றுவிடுகிறது. தொலைக்காட்சி வீரனைப் போல் அப்பனும் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்ட மகனுக்காக மர்ஃபி கற்றுக்கொண்ட வித்தை அது. அதைக் கண்டுதான் அவனோடு பணிபுரிந்த லூயிஸ் அவனை இன்னானென்று அறிகிறாள்.

பின்னர் அவன் தன் வீட்டைத் தேடிச் செல்கிறான். வீடு விற்பனைக்குக் கிடக்கிறது. அவனை இறந்தவனாகக் கருதிய மனைவியும் மகனும் ஊரைவிட்டே போய்விட்டனர். வெற்று அறைகளில் அவன் நடக்க, சுவரிலுள்ள திரையில் விற்பனையாளன் ஒருவன் வீட்டின் சிறப்புகளைச் சிரித்தபடியே அடுக்குகிறான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நினைவு மின்னி மறைகிறது. இறுதியில் இரும்புக் கை அந்தத் திரையை உடைக்கிறது. அழுகை இல்லை, நீண்ட வசனம் இல்லை. முகத்தின் பெரும்பகுதி கவசத்துக்குள் மறைந்திருந்தும் பீட்டர் வெல்லர் என்ற நடிகர் அத்துயரைக் காட்டிவிடுகிறார்.

புதிய படத்தில் இந்தத் தேடல் இல்லை. மர்ஃபி கண்விழிக்கும்போதே தன்னை அறிவான். மனைவியும் மகனும் உயிருடன் காத்திருக்கின்றனர். இயந்திரமாக்கச் சம்மதித்ததே மனைவிதான். இடையில் மருத்துவர் அவன் மூளையின் இரசாயனத்தைக் குறைத்து உணர்ச்சியை அடக்குகிறார். சிறிது நேரத்தில் அது திரும்பிவிடுகிறது. தொலைத்ததைக் கண்டெடுக்கும் கதை, விளக்கை அணைத்து ஏற்றும் கதையாகச் சுருங்கிவிட்டது.

ஆனாலும் இப்படத்தில் ஒரு காட்சி தனித்து நிற்கிறது. இயந்திரப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சியிருப்பது முகமும் மூளையும் நுரையீரலும் ஒரு கையும் மட்டுமே என்று மர்ஃபிக்குக் கண்ணாடியில் காட்டுகிறார் மருத்துவர். பழைய படத்தில் இல்லாத அச்சம் இது. பாடில்யா திறமற்றவர் அல்லர்; ரியோ நகரக் காவல்படை பற்றிய அவரது 2007ஆம் ஆண்டுப் படம் பெர்லின் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. இந்த ஒரு காட்சியைப் பற்றிக்கொண்டு சென்றிருந்தால் வேறொரு படம் பிறந்திருக்கும். ஆனால் அடுத்து வருவன பயிற்சிக் களமும் துப்பாக்கிச் சூடும்தாம்.

முடிவைப் பாருங்கள். நிறுவன அதிகாரி எவரையும் கைதுசெய்யக் கூடாது என்ற மறைவான விதி பழைய மர்ஃபியின் மூளையில் பதிந்திருக்கிறது. குற்றவாளியான துணைத்தலைவர் தன் கண்முன்னே, முதியவரான நிறுவனத் தலைவரைப் பிணையாகப் பிடித்து நிற்கும்போதும் அவனால் அசைய முடியவில்லை. அம்முதியவர் அந்தக் கணமே துணைத்தலைவரை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். விதி செயலற்றுப் போகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழும் இவ்விடத்தில் கசப்பும் உண்டு: அநீதியைத் தண்டிக்கவும் முதலாளியின் அனுமதி வேண்டியிருக்கிறது! புதிய படத்திலோ, சிவப்புப் பட்டை அணிந்தவரைச் சுட முடியாதபடி கட்டுண்ட மர்ஃபி, பல்லைக் கடித்து மன உறுதியால் அத்தடையை வென்றுவிடுகிறான். மன உறுதி போற்றத்தக்கதுதான். ஆனால் நிறுவனத்தின் பிடி இவ்வளவு எளிதில் விடுமானால் இரண்டு மணி நேரம் அஞ்சியது எதற்கு?

வெர்ஹோவன் 1938இல் பிறந்தவர். ஜெர்மானியப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஹேக் நகரில் சிறுவயதைக் கழித்தவர். அவருடைய படத்தில் இரத்தம் மிகுதி. தணிக்கையாளர் இசைவதற்காகப் பலமுறை வெட்ட நேர்ந்த அளவுக்கு மிகுதி. மாணவர்க்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று. ஆனால் அந்தக் கொடுமைக்குப் பக்கத்திலேயே, அணுகுண்டுப் போரைக் குடும்பத்தோடு விளையாடும் ஆட்டத்துக்கு விளம்பரம் ஓடுகிறது. கூட்ட அறையில் இளம் அதிகாரி ஒருவன் இயந்திரத்தால் சுடப்பட்டு விழ, அது சிறு பழுது என்று பேசிக் கடக்கிறார்கள். சிரித்த வாய் மூடுமுன்பே சிந்திக்க வைக்கும் எள்ளல் இது. புதிய படத்திலும் தொலைக்காட்சிப் பேச்சாளர் ஒருவர் வருகிறார். அவர் வராத நேரமெல்லாம் எள்ளலும் வருவதில்லை.

2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி மெய்யாகவே திவாலாகி நீதிமன்றத்தை நாடியது. ஏழு மாதங்களுக்குப் பின் வெளிவந்த புதிய படத்தில் அந்த வறுமையின் சுவடே காணோம். கண்ணாடி மாளிகைகளும் துப்புரவான தெருக்களுமே தெரிகின்றன. (பழைய படமும் பெரும்பாலும் டல்லஸ் நகரில்தான் எடுக்கப்பட்டது, ஆனால் அதில் ஆலைகள் மூடிக் கிடப்பதைக் கண்ணால் காணலாம்.) புதிய படத்துக்குள்ளேயே நிறுவனத் தலைவர், வெள்ளி நிறக் கவசம் எடுப்பாக இல்லையென்று கறுப்பு வண்ணம் பூசச் சொல்கிறார். படத்தைத் தயாரித்தவர்கள் தங்களையே கேலி செய்துகொண்டார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது. டெட்ராய்ட் நகருக்கென இரசிகர்கள் 2011 முதல் நன்கொடை திரட்டி வடித்த வெண்கலச் சிலை, 1987ஆம் ஆண்டுக் கவசத்தையே அணிந்திருக்கிறது.