கடலோடு ஒரு சமாதானம்

2004 டிசெம்பர் 26 எங்கள் உம்மம்மாவைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நான் கால்கூட நனைத்ததில்லை.

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் கலாசாலை நண்பர்கள் மூவரோடு முதுகில் பை, பஸ் பயணம், நிலாவெளி. அங்கிருந்து படகில் புறாத்தீவு.

சுழியோடப் பழக்குபவர் சொன்னார்: "மூச்சை அடக்காதீங்க சேர், மெதுவா எடுத்து விடுங்க."

நண்பனின் கையைப் பிடித்தபடி இறங்கினேன். காது வலித்தது, மூக்கைப் பொத்தி ஊதினேன், விட்டது. கீழே முருகைக்கற்கள், அவற்றுக்குள் மீன்கள். அது கல்லல்ல, சிற்றுயிர்கள் கட்டிய வீடு என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! கண்ணால் கண்டது அன்றுதான். சுப்ஹானல்லாஹ். கண்ணாடிக்குள் அழுதுவிட்டேன்.

நம் கரையோரப் பிள்ளைகளுக்குக் கடலைக் கண்டு ஓடத்தான் சொல்லிக்கொடுத்தோம். இனி நீந்தவும் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.