பன்னிரண்டு நாளும் ஒரு பையும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று, விடுமுறையில் செய்வதற்கென்று புவியியல் சிஸ்டர் எங்கள் வகுப்பிற்கு ஒரு வேலை கொடுத்தார். வெப்ப மண்டல நாடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு நாள்களில் அதைச் சுற்றி வரத் திட்டம் போட வேண்டும். தலைக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகக் கூடாது. சாமான்கள் எல்லாம் முதுகில் மாட்டும் ஒரே பையில் அடங்க வேண்டும். நால்வர் நால்வராகச் சேர்ந்து செய்யலாம். நன்றாக அமையும் திட்டத்தை ஆண்டு விழாக் கண்காட்சியில் வைப்பார்கள்.

இதைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ! ஒரு குழு தாய்லாந்து என்றது. மற்றொன்று இந்தோனேசியா என்றது. நாங்கள் நால்வரும் ஒரு மனதாக இலங்கையைத் தேர்ந்தோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து நாடு, செலவு குறையும், பரிசு நமக்கே என்று எண்ணினோம். அவ்வளவுதான்.

வரைபடத்தை மேசைமேல் விரித்தோம். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பாதி. ஆனால் இந்தச் சிறிய தீவுக்குள் இரண்டு பருவ மழைகள் முறை வைத்துப் பெய்கின்றன. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை காலிப் பக்கம் கொட்டும். ஆண்டின் கடைசியில் வடகிழக்குப் பருவமழை யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் நனைக்கும். நடுவில் மலைகள் நின்று மேகத்தைத் தடுப்பதால், ஒரு பக்கம் குடை பிடிக்கும்போது மறு பக்கம் வெயில் காயும். ஆகவே பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள் என்று கண்டோம். அந்த மாதங்களில்தானே நமக்குத் தேர்வுகள் வரிசையில் நிற்கின்றன! ஏப்ரல் நடுவில் சிங்களவரும் தமிழரும் புத்தாண்டு கொண்டாடுவதால் பேருந்துகளில் கூட்டம் நெரியும், கடைகள் பல மூடிக் கிடக்கும். எனவே ஏப்ரல் கடைசி வாரம் புறப்படுவது என்று முடிவாயிற்று.

எப்படிப் போவது? பழைய காலத்தில் சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று போவார்களாம். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து சில காலம் கப்பல் ஓடி, 1980-களில் அதுவும் நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புதிதாகக் கப்பல் விட்டார்கள். மழைக்காலத்தில் நிறுத்துவதும் பிறகு தொடங்குவதுமாக அது நடக்கிறது. கடலில் நாலைந்து மணி நேரப் பயணம். விமானத்தை விட இதுவே எங்களுக்குப் பிடித்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள். 1981-ல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்ட நூலகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கிருந்து ரயிலில் அனுராதபுரம். போரினால் பல்லாண்டுகள் அறுந்து கிடந்த அந்தப் பாதை 2014-ல்தான் யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்து சிகிரியா. அங்கே வெளிநாட்டாருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். எங்களில் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி, பக்கத்திலிருக்கும் பிதுரங்கல பாறையில் ஏறினால் செலவு மிகவும் குறைவு என்று கண்டுபிடித்தாள். "சிகிரியாவின் மேல் ஏறினால் சிகிரியா தெரியாது. பிதுரங்கலவில் ஏறினால் சிகிரியா முழுவதும் தெரியும்!" என்று அவள் சொன்ன நியாயத்தை மறுக்க யாராலும் முடியவில்லை. பிறகு கண்டி. பிறகு மலைநாட்டு ரயில். பிறகு எல்ல என்னும் ஊர், தென்கடற்கரையில் இரண்டு நாள், காலிக் கோட்டை, கொழும்பு, திரும்பவும் யாழ்ப்பாணம்.

பணத்தைக் கணக்கிட்டோம். அந்த வாரத்தில் நம் ஒரு ரூபாய்க்கு இலங்கைப் பணம் மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது. தங்குவதற்கு 2,500, சாப்பாட்டிற்கு 2,000, பேருந்து ரயிலுக்கு 1,000, சில்லறைச் செலவுக்கு 500 என்று ஒரு நாளுக்கு இலங்கைப் பணம் 6,000 ஒதுக்கினோம். நம் பணத்தில் சுமார் 1,800. பன்னிரண்டு நாளைக்கு 21,600. பாஸ்போர்ட்டிற்கு 1,500, கப்பலுக்குப் போக வர 9,000, விசாவுக்கும் நுழைவுக் கட்டணங்களுக்கும் 4,000, ஆபத்துக்கு உதவ 3,000. ஆக மொத்தம் 39,100. தொள்ளாயிரம் ரூபாய் மீதி! நாங்கள் குதித்த குதியில் மேசைமேலிருந்த மைக்கூடு கவிழ்ந்து இந்தியப் பெருங்கடல் இன்னும் நீலமாயிற்று.

பையைப் பற்றித்தான் சண்டை வந்தது. ஒருத்தி நாலு ஜோடிச் செருப்பு எழுதியிருந்தாள். அப்போது எங்கள் ஞாபகத்திற்கு வந்தவர் புனித ஜோசப் வாஸ். 1651-ல் கோவாவில் பிறந்த இவர், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-ல் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தவர். தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டு தீவெங்கும் நடந்தார். 1711-ல் கண்டியில் இறந்தார். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் பையில் எத்தனை செருப்பு இருந்திருக்கும் என்று கேட்டதும், நாலு ஜோடி ஒரு ஜோடியாயிற்று.

மலைநாட்டு ரயிலைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் வீசிய டிட்வா புயலில் அந்த மலைகளில் மண் சரிந்து பலர் மாண்டதையும், ரயில் பாதை பல இடங்களில் சிதைந்ததையும் செய்தியில் பார்த்திருந்தோம். அதனால் ரயில் இல்லாத இடங்களுக்குப் பேருந்து என்று மாற்று வழியும் எழுதி வைத்திருந்தோம். ஆயினும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அருவி தெரியும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. "எங்கள் அம்மாயியைக் கேட்கலாமே, அவர்கள் சிலோனில் பிறந்தவர்கள்தானே" என்றாள் எங்களில் ஒருத்தி. அவள் வீடு எங்கள் நீலகிரியிலேயே அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறது.

ஒரு மாலை நால்வரும் போனோம். அம்மாயி அடுப்படியில் இருந்தார். நாங்கள் வரைபடத்தை விரித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாததால் எழுத்துத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் பென்சிலால் போட்டிருந்த கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே, "தலவாக்கலை, கொட்டகலை, அட்டன், ரொசல்ல, வட்டவளை, நாவலப்பிட்டி..." என்று ஜெபமாலை சொல்வது போல் சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் பார்த்தோம். ஒரு நிலையம்கூட இடம் மாறவில்லை. ஆனால் எல்லாம் தலைகீழாக இருந்தன. நாங்கள் மலை ஏறும் வரிசையில் எழுதியிருந்தோம். அவர் இறங்கும் வரிசையில் சொன்னார். அவர் இறங்கி வந்தவர்.

அருவியைப் பற்றிக் கேட்டோம். "எந்தப் பக்கம் ஒக்காந்தாலும் தேயிலதான் கண்ணு. கொட்டகலையத் தாண்டுனா அருவி தானா கண்ணுல படும்" என்றார். பிறகு, "தலவாக்கலையில எறங்குவீங்கல்ல?" என்று கேட்டார்.

நாங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தோம். "இல்லை அம்மாயி, நேரமில்லை. ரயிலிலிருந்தே பார்த்துக்கொள்வோம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று போட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டோம்.

அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அதன்பின்தான், நாங்கள் கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

1948-ல் கொண்டுவந்த சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமற் போனார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும், மூன்று இலட்சம் பேர் அங்கேயே குடியுரிமை பெற வேண்டும், மீதிப் பேரைப் பிறகு பார்ப்பது என்று பிரித்தார்கள். இதை நாங்கள் பாடத்தில் இரண்டு வரியாகப் படித்ததுண்டு. ஆனால் அம்மாயியின் வீட்டில் அந்தக் கோடு குடும்பத்தின் நடுவே விழுந்தது. அப்பா, அம்மா, அவர், தம்பிகள் ஒரு பக்கம். கலியாணமாகியிருந்த அக்கா மறு பக்கம். அக்காவின் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு அங்கே குடியுரிமை கிடைத்தது.

1973-ல் புறப்பட்டபோது அம்மாயிக்கு வயது பதினைந்து. எங்கள் வயது! "நீங்க ஊரப் பாக்கப் போறீங்க. நாங்க ஊர வுட்டு வந்தோம். எங்களுக்கும் ஒரு மூட்டைதான்" என்றார். அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டோம். இரண்டு பாவாடை, ஒரு கம்பளி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு. "சாக்கு எதுக்கு அம்மாயி?" என்றோம். "இந்தியாவுலயும் தேயில இருக்கும்ல" என்றார்.

தலவாக்கலை ரயிலடியில் அக்கா வந்து நின்றாராம். ரயில் நகர்ந்ததும் கூடவே ஓடி வந்தாராம். அதற்குப் பின் கடிதங்கள் வந்தன. 1983 கலவரத்திற்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது புயல் செய்தி வந்ததிலிருந்து அம்மாயி இரவில் தூங்குவதில்லை என்று எங்கள் தோழி மெதுவாகச் சொன்னாள். ஐந்து ஆண்டுகளாக ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் உட்காருகிறோம். அவள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பி வரும் வழியில் யாரும் பேசவில்லை. 'பார்ப்பதற்கு ஒன்றுமில்லை' என்று நாங்கள் சொன்ன சொல் காலில் தைத்த முள்ளைப் போலக் கூடவே வந்தது.

மறுநாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம். தென்கடற்கரையின் இரண்டு நாளை அடித்துவிட்டுத் தலவாக்கலை என்று எழுதினோம். அதோடு நின்றிருந்தால் கணக்கு ஒத்துவந்திருக்கும். ஆனால், "நாம் மட்டும் போய் யாரைத் தேடுவது? நமக்கு அந்த முகம் தெரியுமா?" என்றாள் ஒருத்தி. ஐந்தாவதாக ஒரு டிக்கெட் சேர்த்தோம். நால்வருக்கு 1,56,400 ஆக இருந்தது ஐவருக்கு 1,95,500 ஆயிற்று. சிஸ்டர் கொடுத்திருந்த எல்லையோ 1,60,000. எங்கே குறைத்தாலும் முப்பத்தைந்தாயிரம் இடித்தது. பரிசு போய்விடும் என்று தெரிந்தது. ஒருத்தி கொஞ்சம் அழவும் அழுதாள். அவள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்காட்சிக்குத் தாய்லாந்துதான் தேர்வாயிற்று. அது நியாயமே. அந்தக் குழு கணக்கை மிக அழகாகப் போட்டிருந்தது. சிஸ்டர் எங்கள் தாளில் சிவப்பு மையால், 'எல்லை மீறிவிட்டது' என்று எழுதி மதிப்பெண் குறைத்திருந்தார். பிறகு எங்களைத் தனியே அழைத்து, "பணம் சேரும்வரை கடிதம் காத்திருக்க வேண்டுமா என்ன?" என்று கேட்டார்.

அன்று மாலையே அம்மாயி சொல்லச் சொல்ல எழுதினோம். அக்காவின் பெயர், அவர் வீட்டுக்காரரின் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம் என்பது எல்லாம் அவருக்கு மனப்பாடம். தோட்டத்துப் பாடசாலைத் தலைமை ஆசிரியருக்கு ஒன்றும், தலவாக்கலைப் பங்குத் தந்தைக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்கள் அனுப்பினோம். முடிவில் என்ன எழுத என்று கேட்டபோது அம்மாயி நெடுநேரம் யோசித்து, "நல்லா இருக்கேன்னு எழுதுங்க. கம்பளி இன்னும் இருக்குன்னு எழுதுங்க. அவ குடுத்தது" என்றார்.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. தபால்காரர் எங்களைக் கண்டாலே தலையை ஆட்டிவிடுகிறார்.

எங்கள் வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பால் மாவு டப்பா இருக்கிறது. அதில் இன்று வரை 1,340 ரூபாய் சேர்ந்துள்ளது. முதலில் அம்மாயியின் பாஸ்போர்ட்டிற்குப் பணம் வேண்டும். இன்னும் கொஞ்சம்தான் குறை. எங்களுக்கு வயதிருக்கிறது. நாங்கள் காத்திருக்கலாம். அவருடைய பாஸ்போர்ட்தான் முந்த வேண்டும்.

அன்புத் தோழியரே, பயணத் திட்டம் போடும்போது பருவம் பாருங்கள், பணம் பாருங்கள், பையின் எடையும் பாருங்கள். அத்துடன், நீங்கள் போகும் வழியாக எதிர்த்திசையில் வந்தவர் யாரேனும் உங்கள் அருகில் இருக்கிறாரா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நாங்கள் கொஞ்சம் தாமதமாகக் கேட்டோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு